நாக்கில் வெள்ளை: துடைத்தால் போகிறதா என்று பாருங்கள்

காலையில் பல் துலக்கும்போது நாக்கில் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். காய்ச்சல் கிடந்து எழும்பினாலும், தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க வெயிலில் நின்றாலும், வாயைத் திறந்தபடி தூங்கினாலும் நாக்கில் மாப் பூசினது போல ஒரு படலம் வரும். பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, தண்ணீரைக் கூட்டிக் குடித்தால் சில நாளில் போய்விடும்.

போகாவிட்டால் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியோடு நில்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாரையாவது டோர்ச் பிடிக்கச் சொல்லுங்கள். சுத்தமான துணியால் நாக்கு நுனியைப் பிடித்து இரண்டு ஓரத்தையும், தூக்கி அடிப்பக்கத்தையும், கன்னத்தை விலக்கிக் கொடுப்புக்குள்ளும் பாருங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் எந்தப் பக்கம் அடக்குகிறார்களோ அங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டும். பிறகு வெள்ளையை அந்தத் துணியாலேயே மெதுவாகத் துடையுங்கள்.

துடைக்க வழித்துக்கொண்டு வந்து, அடியில் சிவந்திருந்தால் பெரும்பாலும் அது பங்கஸ். சீனி வருத்தம் உள்ளவர்கள், கட்டுப்பல் கழற்றாமல் தூங்குகிறவர்கள், அன்ரிபயோட்டிக் குடித்தவர்கள், இழுப்புக்கு இன்ஹேலர் பாவிக்கிறவர்களுக்கு இது வரும் (இன்ஹேலர் அடித்ததும் வாய் கொப்பளியுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்). மருந்து இருக்கிறது, சுகமாகும். திரும்பத் திரும்ப வந்தால் சீனியைச் சோதியுங்கள். கைக்குழந்தைக்கு வந்தால் டொக்டரிடம் காட்டுங்கள், ஒரு வயதுக்குள் தேன் மட்டும் தடவ வேண்டாம்.

துடைத்தும் போகாத வெள்ளைதான் எனக்குப் பயம், அதில் சிலது புற்றுநோயாக மாறும். படுவான்கரையில் வயல் செய்கிற என் பெரியப்பா கொடுப்புக்குள் வெற்றிலை அடக்கியபடியே நாள் முழுக்க வேலை செய்வார். நாக்கு ஓரத்தில் வெள்ளை இருந்தது அவருக்கே தெரியும், நோகவில்லை, அதனால் விட்டுவிட்டார். நோவு தொடங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார், அதற்குள் நாள் கடந்துவிட்டது. நோகாததுதான் இதில் ஆளை ஏமாற்றுவது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தானே என்பார்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 இலேயே சொல்லிவிட்டது.

இப்படிப்பட்ட வெள்ளை எல்லாம் புற்றாகாது, உண்மைதான். ஆனால் எது ஆகும் என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, சின்னத் துண்டு எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் காட்டுங்கள். வெள்ளையோடு சிவப்புக் கலந்திருந்தால், தடித்தால், ஆறாத புண் இருந்தால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் அந்த இரண்டு வாரமும் பார்க்க வேண்டாம், அடுத்த நாளே போங்கள். இன்னொன்று: உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். முந்திப் போனது இப்போது போகவில்லை, கறி உறைப்புத் தாங்காமல் வாய் எரிகிறது என்றால் பாக்கு வாயை இறுக்கத் தொடங்கிவிட்டது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ, கிட்ட இருக்கிற அரச ஆஸ்பத்திரியின் பல் பகுதிக்குப் போனால் காசில்லாமல் பார்ப்பார்கள், தேவையானால் நிபுணரிடம் அனுப்புவார்கள். போகும்போது ஒரு நாளைக்கு எத்தனை வாய் வெற்றிலை, எத்தனை வருடமாக என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள், டொக்டர் முதலில் கேட்பதே அதைத்தான்.