காலைக் கட்டாமல் கிளியை வெளியே கூட்டிப் போவது எப்படி?

கிளியை மொட்டை மாடிக்கோ பூங்காவுக்கோ கொண்டு போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "காலில் ஒரு சங்கிலி போட்டால் போதுமா அண்ணே?" என்றுதான். தயவுசெய்து போடாதீர்கள். ஒரு காக்கை கத்தினாலோ, பக்கத்தில் பைக் ஹாரன் அடித்தாலோ கிளி விருட்டென்று எழும்பிவிடும். சங்கிலி எங்கே முடிகிறதோ அங்கே அதன் மொத்த வேகமும் ஒற்றைக் காலில் இறங்கும். எலும்பு முறியும், மூட்டு பிசகும், தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்து இன்னும் அடிபடும். வாங்கும்போதே காலில் இருக்கிற அடையாள வளையத்தில் கயிறு கட்டுவதிலும் இதே ஆபத்துதான். சாதாரண நூலோ நைலான் கயிறோ என்றால், அது விரலில் சுற்றி இறுகி, ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடலாம்.

இறகை வெட்டிவிட்டால் கயிறே வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மாடியில் நல்ல காற்று அடித்தால் இறகு வெட்டிய கிளியும் தெரு தாண்டிப் போய்விடும். போய் இறங்கின இடத்தில் பூனையோ நாயோ வந்தால் அதனால் மேலே எழும்ப முடியாது. வெட்டிய இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது பறக்கும் பலம் உங்களுக்குத் தெரியாமலே திரும்பியும் விடும்.

சரி, என்னதான் செய்வது? கொஞ்சம் பெரிய கிளிக்கு உடம்பில் மாட்டும் ஹார்னஸ், அதாவது கயிறு இணைத்த பட்டை. சின்னதுக்குப் பயணக் கூண்டு.

முதலில், உங்களிடம் இருப்பது எந்தக் கிளி?

நம் ஊர்ப் பச்சைக்கிளி என்றால் பேச்சு இங்கேயே முடிந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். மீனாட்சியம்மன் கையில் கிளி இருக்கிற ஊர் என்பதால் பலருக்கு இது நம்ப முடியாத செய்தியாக இருக்கிறது. சிறகின் தோள்பக்கம் சிவப்புத் திட்டு இருக்கிற பெரிய கிளிக்கும் இதே சட்டம்தான்.

வெளிநாட்டு இனங்களை வளர்க்கலாம். அதிலும் சன் கொனூர், ஆப்பிரிக்கன் கிரே போல சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவற்றை, 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தலையில் கொண்டை வைத்த காக்டெயிலும், நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற பட்ஜியும் அந்தப் பட்டியலில் இல்லை.

30, 40 கிராம் எடையுள்ள பட்ஜிக்கு ஹார்னஸ் மாட்டவே வேண்டாம், கூண்டுதான் நல்லது. காக்டெயிலிலிருந்து மேலே உள்ளவற்றுக்கு ஹார்னஸ் பழக்கலாம்.

ஹார்னஸ் வாங்கும்போது

சமையல் தராசில் கிளியை நிறுத்துப் பாருங்கள். காக்டெயில் பெரும்பாலும் 80 முதல் 100 கிராம், சன் கொனூர் அதைவிடக் கொஞ்சம் கூட, ஆப்பிரிக்கன் கிரே 400-க்கு மேல் வரும். தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் எடை அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். கண் அளவு வேண்டாம். பட்டை மெத்தென்று இருக்க வேண்டும். கயிறு இழுத்தால் நீளுகிற எலாஸ்டிக்காக இருந்தால், கிளி பறந்து நிற்கும்போது சட்டென்று வெட்டி இழுக்காது. பூனைக்கும் முயலுக்கும் விற்கிற ஹார்னஸைக் கிளிக்கு மாட்டாதீர்கள்.

வீட்டுக்குள் பழக்குவது

இந்தக் கட்டத்துக்குத்தான் அதிக நாள் ஆகும். சில கிளிக்கு இரண்டு வாரம், சிலதுக்கு இரண்டு மாதம். அவசரப்பட்டால் ஹார்னஸைப் பார்த்தாலே கடிக்கிற கிளிதான் மிஞ்சும்.

முதல் சில நாள் ஹார்னஸைக் கூண்டுக்கு வெளியே, அதன் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். அது எட்டிப் பார்த்தாலே ஒரு சூரியகாந்தி விதை. கிட்டே வந்து அலகால் தொட்டால் இன்னொன்று. அப்புறம் கழுத்து வளையத்தை அகலமாக விரித்துப் பிடித்து, அதற்கு அந்தப் பக்கம் தினைக்கதிரை நீட்டுங்கள். தலையை அதுவாக உள்ளே விட்டுத் தின்ன வேண்டும். நீங்கள் வளையத்தைக் கொண்டு போய்த் தலையில் போடக் கூடாது. கன்னத்து இறகில் பட்டை உரசுவதைப் பொறுத்துக்கொண்டு நிதானமாகத் தின்கிறதா என்று கவனியுங்கள். காக்டெயில் என்றால் கொண்டை சொல்லிவிடும்: விறைத்து நேராக நின்றால் பயம், தலையோடு ஒட்டப் படிந்து சீறினால் கோபம். இரண்டில் எது தெரிந்தாலும் வளையத்தை எடுத்துவிட்டு, அன்றைக்கு அத்தோடு விடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும்.

தலை பழகினபின் சிறகு. அதற்கு முன்பே பல நாள், விரலால் சிறகை மெல்லத் தூக்கி விட்டுப் பழக்கியிருக்க வேண்டும். ஒரு சிறகை உள்ளே விட்டு, விதை கொடுத்து, அப்புறம் மறு சிறகு. இறகுத்தண்டு மடங்கியிருந்தால் நீவி நேராக்குங்கள்.

இறுக்கத்தைச் சரி பார்ப்பதில் மட்டும் அசட்டை வேண்டாம். நமக்கு நெஞ்சுக்குக் கீழே இருக்கிற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. அங்கே பட்டை இறுகினால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் அது மூச்சுத் திணறிச் செத்துப்போகும். சுண்டுவிரல் நுனி பட்டைக்குக் கீழே தாராளமாகப் போக வேண்டும். அதே சமயம் சிறகை இழுத்து வெளியே எடுக்கிற அளவுக்குத் தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. கிளியைக் கையில் பிடிக்கும்போதும் மார்பை அழுத்தாதீர்கள்.

மாட்டினதும் சில கிளிகள் குப்புறப் படுத்துக்கொள்ளும், சில பட்டையைக் கடிக்கும். விளையாட்டுச் சாமான் கொடுத்துக் கவனத்தைத் திருப்புங்கள். ஹாலுக்குள் கயிற்றோடு சின்னதாகப் பறந்து, கயிறு நீண்டு நிற்பதையும் அங்கேயே பழக வேண்டும்.

வெளியே முதல் நாள்

முதல் வாரம் வராந்தாவோ மாடியோ போதும். கூட்டமும் ஹாரனும் இருக்கிற தெப்பக்குளம் கரைக்கு முதல் நாளே போக வேண்டாம். கயிற்றின் முனையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். கம்பியிலோ மரக்கிளையிலோ கட்டிவிட்டு நகராதீர்கள். பருந்து, வல்லூறு, பூனை எது வந்தாலும் ஹார்னஸ் போட்ட கிளியால் தப்ப முடியாது. நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். அழகர்கோவில் பக்கம் போகிறவர்கள் குரங்குகளை நினைத்து, கிளியை வீட்டிலேயே விட்டுப் போவது நல்லது.

நேரம், காலை எட்டுக்குள். மதுரை வெயில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பை விட்டுத் தள்ளி வைத்தால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே நிழலுக்குக் கொண்டு போய்த் தண்ணீர் காட்டுங்கள், குறையாவிட்டால் மருத்துவரிடம் ஓடுங்கள். பூங்காவில் அரளிச் செடி பக்கம் விடாதீர்கள், இலை பூ எல்லாமே விஷம். சித்திரைத் திருவிழாவும் தீபாவளியும் நடக்கிற நாட்களில் வெடிக்கும் கொட்டுக்கும் நடுவே கிளிக்கு என்ன வேலை?

கூண்டில் கொண்டு போகிறவர்கள்

கம்பிக் கதவை அலகால் மேலே தூக்கித் திறக்கக் கிளிக்குத் தெரியும். ஒரு கொக்கி அல்லது சின்னப் பூட்டு போடுங்கள். உள்ளே பிடித்து நிற்க ஒரு குச்சி, பாதிக் கூண்டுக்கு மேல் ஒரு துணி. பயந்தால் ஒதுங்க ஓர் இடம் வேண்டும். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விடக் கூடாது.

கைதவறிப் பறந்துவிட்டால்

துரத்தாதீர்கள், இன்னும் தூரம் போகும். எந்த மரத்தில் உட்கார்ந்தது என்று ஒருவர் கண் எடுக்காமல் பார்க்க, இன்னொருவர் அதன் கூண்டையும் பிடித்த தீனியையும் கொண்டுவரட்டும். பழகின குரலில், பழகின சீட்டியில் கூப்பிடுங்கள். உயரத்திலிருந்து இறங்கத் தெரியாமல்தான் பல கிளிகள் மேலேயே உட்கார்ந்திருக்கும். இருட்டினபின் பெரும்பாலும் இடம் மாறாது. அதனால் மறுநாள் விடியும் முன்பே அதே மரத்தடிக்குப் போய் நில்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஹார்னஸைக் கழற்றிவிட வேண்டும், போட்டபடியே கூண்டில் விடாதீர்கள். சிறகுக்கு அடியில் சிவந்திருக்கிறதா, இறகு உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டையையும் விரலால் தடவிப் பாருங்கள். கடித்து நூல் பிரிந்திருந்தால் தைத்துப் போடாமல் புதிது வாங்கிவிடுங்கள்.