பெங்களூரில் மனச்சோர்வுக்கு மருந்து எழுதித் தரும் டாக்டரைத் தேடுகிறீர்களா?

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும்: கவுன்சிலரோ உளவியலாளரோ மருந்து எழுத முடியாது, அதற்கு ஏற்றவர் மனநல மருத்துவர், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து சைக்கியாட்ரியில் மேற்படிப்பு படித்தவர். சரி, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா, 14416-க்குப் போன் போடுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

பணம் இடித்தால் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் அதிகம், காலையிலேயே கிளம்புங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் மட்டும் ஓபி நேரத்துக்குக் காத்திருக்கவே காத்திருக்காதீர்கள், அங்கே அவசரப் பிரிவு இரவிலும் இயங்கும்.

தனியார் கிளினிக் என்றால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே டாக்டருக்குத் தமிழ் தெரியுமா என்று கேளுங்கள். தூக்கம் வராததையும் எதிலும் பிடிப்பில்லாததையும் அரைகுறைக் கன்னடத்தில் சொல்லித் தவிக்க வேண்டியதில்லை. சாப்பிடும் மற்ற மாத்திரைகள், தைராய்டு ரிப்போர்ட், கர்ப்பம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், அப்புறம் தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு திரிந்த நாட்கள் முன்பு இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் அது இருதுருவக் கோளாறாக (பைபோலார்) இருந்தால் மருந்தே வேறு.

பலன் தெரிய பெரும்பாலும் 2 முதல் 4 வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். நன்றாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டுத்தான் மெல்லக் குறைக்க வேண்டும்.