ஜிம்மில் இருக்கும் பலம் களத்தில் ஏன் வருவதில்லை? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நூறு கிலோ ஸ்குவாட் (எடையைத் தோளில் ஏந்தி உட்கார்ந்து எழுவது) போடுகிறேன், ஆனால் ஓடிவந்து சட்டென்று திரும்பினால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது." இப்படிச் சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களிடம் பலம் இல்லாமல் இல்லை. ஜிம்மில் இரண்டு காலையும் ஊன்றி, நேராக நின்று, நிதானமாகத் தூக்கிப் பழகியிருக்கிறார்கள். விளையாட்டிலோ ஒற்றைக் காலில், சாய்ந்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் அந்தப் பலம் வேண்டியிருக்கிறது. உடம்பு எந்த நிலைக்குப் போய்ப் பழகியிருக்கிறதோ அந்த நிலையில்தான் பலம் தரும். கீழே சொல்லப்போகும் தவறுகள் எல்லாமே கிட்டத்தட்ட இதை மறப்பதால் வருபவைதான்.

வளைவதும் மொபிலிட்டியும், அதாவது மூட்டைத் தன் பலத்திலேயே அசைத்துக் கட்டுப்படுத்துவதும், ஒன்று என்று நினைப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். மல்லாந்து படுத்து, ஒரு பாதத்தில் துண்டை மாட்டி, முழங்காலை மடக்காமல் காலை மேலே இழுத்துப் பாருங்கள். எவ்வளவு உயரம் வருகிறது என்று கவனித்துக்கொண்டு துண்டை விட்டுவிடுங்கள். இப்போது கால் தன் பலத்திலேயே அந்த உயரத்தில் நிற்கிறதா, இல்லை சரசரவென்று கீழே இறங்குகிறதா? துண்டு இழுத்துக் கொடுத்த உயரத்துக்கும் கால் தானாக நிற்கும் உயரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் சிக்கல். அந்த இடைவெளிக்குள் மூட்டு போகும், ஆனால் அங்கே அதைப் பிடித்து நிறுத்தத் தசைக்குத் தெரியாது. இன்னும் அதிகமாக இழுத்து ஸ்ட்ரெச் செய்வதால் இது சரியாகாது. அந்த உயரத்திலேயே ஐந்து வினாடி தாங்கி நிற்கப் பழகுவதும், மெதுவாக இறக்கிப் பழகுவதும்தான் வழி.

அப்புறம், ஆட்டத்துக்கோ எடை தூக்குவதற்கோ முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு தசையையும் நிமிடக் கணக்கில் இழுத்துப் பிடிக்கும் பழக்கம். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படிப் பிடித்திருந்தால் அடுத்து வரும் குதிப்பிலும் ஓட்டத்திலும் வேகம் கொஞ்சம் குறையும் என்பது பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். முப்பது வினாடிக்குள் முடித்தால் பெரிய பாதிப்பில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் பத்து நிமிடம் உடம்பை அசைத்துச் சூடேற்றுவது மேல்: மெதுவான ஓட்டம், காலை முன்னும் பின்னும் வீசுவது, நடந்தபடியே லஞ்ச் (ஒரு காலை நீட்டி முன்வைத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்துவது), இடுப்பைச் சுழற்றுவது, கடைசியில் வேகத்தைக் கூட்டிக் கூட்டி இரண்டு மூன்று சிறு ஓட்டங்கள். பிடித்து வைக்கும் ஸ்ட்ரெச் எல்லாம் பயிற்சி முடிந்த பிறகோ தனியாக வேறொரு நேரத்திலோ இருக்கட்டும்.

கணுக்காலை யாரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. சுவரைப் பார்த்து ஒரு காலை முன்வைத்து நில்லுங்கள், பெருவிரலுக்கும் சுவருக்கும் பத்து சென்டிமீட்டர் இருக்கட்டும். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா? முடியாவிட்டால் ஸ்குவாட்டில் குதிகால் எழும், அல்லது பாதம் உள்பக்கம் சரிந்து முழங்காலும் உள்ளே இழுபடும், அல்லது முதுகு முன்னால் கவிழும். மூன்று இடத்தில் வலி வரும், காரணம் ஒரே இடத்தில் இருக்கும். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மூன்று நான்கு வினாடியில் முழுவதும் கீழே இறக்கி மறுபடி முழுவதும் ஏறுவதை வாரத்தில் மூன்று நாள் செய்தாலே சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். "முழங்கால் விரல் நுனியைத் தாண்டக் கூடாது" என்ற அறிவுரையையும் இங்கேயே விட்டுவிடலாம். படி இறங்கும்போதும் ஓடும்போதும் குதித்து இறங்கும்போதும் முழங்கால் தாண்டத்தான் செய்கிறது. வலுக்கட்டாயமாகத் தடுத்தால் அந்தச் சுமை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போகிறது. தாண்டுவதற்குப் பயப்படாமல், குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாக அந்த நிலையைப் பழக்க வேண்டும்.

எடையைக் கூட்டுவதற்காக ஸ்குவாட்டில் பாதி தூரம் மட்டும் இறங்கி ஏறுவதும் இதே வகைதான். முழு தூரம் இறங்கிச் செய்யும் எடைப் பயிற்சி, ஸ்ட்ரெச்சிங் அளவுக்கே மூட்டின் அசைவைக் கூட்டும். பலமும் மொபிலிட்டியும் ஒரே வேலையில் கிடைக்கும்போது அதைப் பாதியில் நிறுத்துவானேன்? இருபது கிலோ குறைத்துக்கொண்டு முழுவதும் இறங்குங்கள்.

இப்போது நான் அதிகம் பேச விரும்பும் இடம்: வேகத்தைக் குறைப்பது. எல்லோரும் குதிக்கப் பழகுகிறார்கள், இறங்கப் பழகுவதில்லை. ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் ஒற்றைக் காலில்தான் விழுகிறது, உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை அந்தக் காலில் இறங்குகிறது. முழங்கால் எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் தசைநார் கிழிவதில் பெரும்பாலானவை யாரும் மோதாமலே, இறங்கும்போதும் திடீரென நின்று திரும்பும்போதும்தான் நடக்கின்றன. முழங்கால் உயரத்துக்கும் குறைவான ஒரு பெட்டியின் மேல் ஏறி, அதிலிருந்து கீழே அடி வைத்து இறங்குங்கள். சத்தத்தைக் கேளுங்கள். 'தட்' என்று தரை அதிர்ந்தால் சுமையைத் தசை வாங்கவில்லை, எலும்பும் மூட்டும் வாங்குகின்றன. முன்னால் ஒருவரை நிறுத்தி முழங்கால் உள்ளே சரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சத்தமில்லாமல், முழங்கால் பாதத்தின் நேரிலேயே நின்று, இரண்டு வினாடி அசையாமல் நிற்க முடிந்த பிறகுதான் ஒற்றைக் காலுக்கும் உயரமான பெட்டிக்கும் போக வேண்டும்.

பின்தொடைக்கும் இதே கதைதான். வேக ஓட்டத்தில் அது கிழிவது பெரும்பாலும் கால் முன்னால் வீசப்படும்போது, அதாவது தசை நீண்டபடியே தடுத்து நிறுத்த வேண்டிய நேரத்தில். நார்டிக் பயிற்சி அதைத்தான் பழக்குகிறது: மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, முழங்காலிலிருந்து தலை வரை ஒரே கோடாக வைத்து முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்வது. இதை விடாமல் செய்த கால்பந்து அணிகளில் பின்தொடைக் காயங்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருக்கின்றன. முதல் வாரம் இரண்டு செட், ஐந்து முறை போதும், ஏனென்றால் மறுநாள் வலி கடுமையாக இருக்கும்.

வேகத்துக்கான பயிற்சியைக் களைத்த பிறகு செய்வது இன்னொரு வீண் உழைப்பு. முழு வேக ஓட்டத்தில் பாதம் தரையில் இருப்பது சுமார் 0.1 வினாடிதான், தசை தன் முழு பலத்தைக் காட்ட அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் நேரம் எடுக்கும். ஆகவே எவ்வளவு பலம் என்பதோடு எவ்வளவு சீக்கிரம் என்பதும் பழக வேண்டிய ஒன்று, அது உடம்பு களைக்காமல் இருக்கும்போதுதான் பழகும். குதிப்பும் மருந்துப்பந்து (மெடிசின் பால் எனும் கனமான பயிற்சிப் பந்து) வீச்சும் வார்ம்-அப் முடிந்த உடனே, ஒரு செட்டுக்கு மூன்று முதல் ஐந்து முறை, நடுவில் இரண்டு மூன்று நிமிட ஓய்வோடு. ஓய்வெடுக்கும்போது சும்மா நிற்பதாகத் தோன்றும், பரவாயில்லை.

ஆடும் பலகை மேல் நின்று டம்பெல் தூக்குவதைப் பலர் 'ஃபங்ஷனல்', அதாவது களத்தில் நேரடியாகப் பயன்படும் பயிற்சி, என்கிறார்கள். கணுக்கால் சுளுக்கிலிருந்து மீளும்போது பலகைக்கு நல்ல பயன் உண்டு. ஆனால் பலம் கூட்ட அது உதவாது, கால் ஆடினால் தசையால் முழு விசையைத் தர முடியாது. கெட்டியான தரையில் ஒற்றைக் கால் டெட்லிஃப்ட் (ஒரு காலில் நின்று, இடுப்பிலிருந்து குனிந்து எடையோடு நிமிர்வது) செய்யுங்கள். கூடவே பக்கவாட்டு லஞ்சும், உடம்பைத் திருப்பும் விசையைத் தடுத்து நிற்கும் கேபிள் பயிற்சியும் வேண்டும், ஏனென்றால் முன்னும் பின்னும் மட்டும் நடக்கும் விளையாட்டு ரொம்பக் குறைவு.

1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் காயமடைந்த வீரர்களுக்குச் செய்தது எளிமையானது: அதே பயிற்சி, எடை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இன்றும் அதுதான் அடிப்படை. வாரா வாரம் புதுப் பயிற்சிக்கு மாறினால் எது கூடியது என்றே தெரியாது. ஒரே தாவலில் கூட்டினாலும் ஆபத்து, தசை சில வாரங்களில் பலமாகிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அதற்குப் பல மாதம் எடுக்கும்.

பயிற்சிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் தசை முழுக்கப் பரவலாக வலித்தால் அது வழக்கமானது. ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி மூட்டிலோ தசைநாணிலோ வலித்தால் அது வேறு. மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடியைக் கவனியுங்கள். முந்தைய நாளை விட விறைப்பு கூடியிருந்தால் அன்று குதிப்பையும் வேக ஓட்டத்தையும் விட்டுவிட்டு, மெதுவான எடைப் பயிற்சியை மட்டும், வலி கூடாத அளவில் செய்யுங்கள். வீக்கம் இருந்தாலோ, கால் ஊன்றும்போது முழங்கால் நழுவுவது போல இருந்தாலோ எந்தப் பயிற்சியும் வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.