ரீடெய்ல் டைரக்டில் அரசுப் பத்திரம் வாங்குவது எப்படி? கூடுதலாகப் போகும் பணத்தின் கணக்கோடு

முதல் தடவை ஏலத்தில் அரசுப் பத்திரம் (அரசு கடன் வாங்குவதற்காக வெளியிடும் பத்திரம்) வாங்கியபோது, நான் நினைத்திருந்ததைவிட அதிகப் பணம் கணக்கிலிருந்து போயிருந்தது. கணக்கு தொடங்கவும் ஏலம் கேட்கவும் ரிசர்வ் வங்கி கட்டணம் வாங்குவதில்லை என்று தெரிந்துதான் இறங்கினேன். பிறகு எதற்கு இந்தப் பணம்? விடை பிடிபட ஒரு வாரம் ஆனது. உங்களுக்கு அந்த ஒரு வாரம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கணக்கு

ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் தளம் 2021 நவம்பரில் வந்தது. பான், சேமிப்புக் கணக்கு, கேஒய்சி ஆவணம், மின்னஞ்சல், கைபேசி எண் இருந்தால் போதும். நியமனதாரர் பெயரை அப்போதே சேர்த்துவிடுங்கள். 2024 மே மாதத்தில் செயலியும் வந்துவிட்டது. ஆனாலும் வாங்குவதற்குக் கணினித் திரைதான் என் தேர்வு. விலை, முதிர்வுத் தேதி, ஈல்டு (கொடுக்கும் விலைக்கு ஆண்டுக்கு உண்மையில் கிடைக்கும் வருமான வீதம்) மூன்றையும் அருகருகே பார்க்காமல் பணம் போடக் கூடாது.

2. எதை வாங்குவது?

புதியவர்களுக்கு 91 நாள் டி-பில் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) தான் என் பரிந்துரை. 182, 364 நாள் பில்களும் உண்டு. ஏலம் பொதுவாகப் புதன்கிழமை. குறைந்தது 10,000 ரூபாய் முகமதிப்பு. இதில் வட்டி தனியாக வராது. தள்ளுபடி விலையில் வாங்கி, முதிர்வில் முழு முகமதிப்பைப் பெறுகிறீர்கள். 100 ரூபாய்க்கு 98.50 என்று விலை அமைந்தால், 9,850 போட்டு 91 நாளில் 10,000 எடுக்கலாம். ஆண்டுக் கணக்கில் சுமார் 6.1%.

நீண்ட கால மத்திய அரசுப் பத்திரங்களுக்கு வெள்ளிக்கிழமையும், மாநிலப் பத்திரங்களுக்குச் செவ்வாய்க்கிழமையும் வழக்கமாக ஏலம் நடக்கும்.

3. ஏலம் கேட்பது

விலை சொல்லும் வேலை நமக்கில்லை. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பிரைமரி டீலர்களும் (அரசுப் பத்திர வியாபாரத்துக்கு ரிசர்வ் வங்கி அனுமதித்த நிறுவனங்கள்) விலை கேட்பார்கள். ஏற்கப்பட்ட விலைகளின் சராசரியில் நமக்குக் கிடைக்கும். தொகையைக் குறிப்பிட்டு, யுபிஐ அல்லது நெட் பேங்கிங்கில் பணம் கட்டினால் முடிந்தது. ஏல நாள் வரை காத்திருக்காதீர்கள், அறிவிப்பு வந்ததும் போட்டுவிடுங்கள்.

இந்த ஏலத்தைச் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. 1997 வரை மத்திய அரசு தற்காலிக டி-பில்களை ரிசர்வ் வங்கியிடமே கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ள முடிந்தது. அந்த வழி அடைபட்டது. 2006 ஏப்ரல் முதல், அசாதாரணச் சூழல் தவிர, அரசு நேரடியாக விற்கும் முதல்நிலை ஏலத்தில் ரிசர்வ் வங்கி தானே பத்திரம் வாங்குவதையும் சட்டம் நிறுத்திவிட்டது. வரவுக்கு மேல் செலவு செய்ய நினைக்கும் அரசு, சந்தைக்கு வந்து, என்ன வட்டிக்குக் கடன் கிடைக்கும் என்று கேட்டாக வேண்டும். அங்கே உருவாகும் ஈல்டுதான் மற்ற கடன்களுக்கு அடித்தளம். அரசே 7% கொடுக்கும்போது, ஒரு நிறுவனம் அதைவிடக் குறைவாகக் கடன் வாங்குவது அரிது. வீட்டுக் கடன் வட்டியின் பின்னாலும் இந்த எண்ணின் நிழல் இருக்கிறது.

எஸ்எல்ஆர் விதிப்படி வங்கிகள் தம் பொறுப்புகளில் (வைப்புத்தொகை போன்ற, திருப்பித் தர வேண்டிய தொகைகளில்) 18 சதவீதத்தை ரொக்கம், தங்கம், அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் அதில் பெரும்பங்கு பத்திரங்கள்தான். ஆக, எஃப்.டி. மட்டும் போடுகிறவரின் பணத்திலும் ஒரு பகுதி வங்கி வழியாக அரசுக்குக் கடனாகப் போகிறது.

4. என்னைத் திணறடித்த இடம்

7.10% ஜிஎஸ் 2034 (ஆண்டுக்கு 7.10% வட்டி தந்து 2034இல் முதிரும் மத்திய அரசுப் பத்திரம்) என்ற பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 8, அக்டோபர் 8 இரண்டு தேதிகளிலும் வட்டி வரும். 10,000 ரூபாய் முகமதிப்புக்கு ஒவ்வொரு முறையும் 355 ரூபாய்.

அரசு எப்போதும் புதுப் பத்திரமே வெளியிடுவதில்லை. பழைய பத்திரத்தையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவரும். ஜூலை 8 அன்று அது உங்கள் கணக்கில் சேருகிறது, 100 ரூபாய் முகமதிப்புக்கு விலை 102 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,200 ரூபாய்தானே கட்ட வேண்டும்? இல்லை, 10,377.50.

அந்த 177.50 கட்டணம் அல்ல. ஏப்ரல் 8 முதல் ஜூலை 8 வரை மாதத்துக்கு 30 நாள் என்ற கணக்கில் 90 நாள் ஓடியிருக்கிறது. அந்த நாட்களின் வட்டி உங்களுக்கு உரியதல்ல. ஆனால் அக்டோபரில் முழு 355 ரூபாயும் உங்கள் கையில்தான் வரும். அதனால் உங்களுக்குச் சேராத பாதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். 'சேர்ந்த வட்டி' என்ற தலைப்பில் அது தனியாகக் காட்டப்படும். நான் அந்த வரியைப் பார்க்காமல் தாண்டிப் போயிருந்தேன்.

இன்னொன்று: பெயரில் 7.10 இருந்தாலும் உங்கள் வருமானம் 7.10 அல்ல. 102 கொடுத்து வாங்கினால் முதிர்வில் 100தான் திரும்பும். ஈல்டு அதற்கேற்பக் குறையும். பெயரில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு ஈல்டைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: சேர்ந்த வட்டியைக் கழித்த பிறகும் கூடுதலாகப் போயிருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஏல விலை முன்கூட்டித் தெரியாது என்பதால், தளம் சற்று உயர்த்திய விலையில் பணம் வாங்குகிறது. ஒதுக்கீடு முடிந்ததும் மீதி வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிடும்.

பின்சேர்க்கை 2: முதிர்வுக்கு முன் விற்க முடியுமா? முடியும், தளத்திலேயே இரண்டாம்நிலைச் சந்தை (ஏற்கெனவே வெளியான பத்திரங்களை முதலீட்டாளர்கள் தமக்குள் வாங்கி விற்கும் இடம்) இருக்கிறது. ஆனால் சிறு தொகைக்கு உடனே ஆள் கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். நாட்டில் வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். முதிர்வு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு அதிகமாக இறங்கும். அடுத்த ஆண்டு கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருக்கும் பணத்தை 2034 பத்திரத்தில் போடாமல் 364 நாள் பில்லில் போடச் சொல்வது இதனால்தான்.