நம்ம வெயிலுக்கு 50லருந்து 80 வெள்ளிக்குள்ள நல்ல வைன் எடுக்குறது எப்படி

பிப்ரவரி, மார்ச்ல கோலாலம்பூர்ல அடிக்கிற வெயில்ல வைன் குடிக்கணும்னா முதல்ல அந்த கனமான ஷிராஸ், கேபர்நே மாதிரி சிவப்பு வைன் எல்லாத்தையும் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வச்சிருங்க. விருந்துன்னா எல்லாரும் சிவப்பு வைன்தான் தூக்கிட்டு வர்றாங்க, அதுல 14, 14.5 சதவீதம் ஆல்கஹால், அத 33 டிகிரி சூட்டுல அப்படியே ஊத்திக் குடிச்சா உடம்பு காந்துது, தலை வலிக்குது, அப்புறம் வைனே எனக்கு ஒத்துக்காதுங்கன்னு சொல்லிடுறாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா நம்ம வெயிலுக்குன்னே செஞ்ச மாதிரி வைன் இருக்கு, அதுவும் கையக் கடிக்காத விலையில.

பாக்க வேண்டியது மூணே விஷயம். ஆல்கஹால் கம்மி, புளிப்பு தூக்கல், நல்லா குளுர வச்சு குடிக்கிற வகை. இந்த மாதிரி வைனுக்கு ஓக் பீப்பாயும் வேணாம், வருஷக்கணக்கா வச்சு பழுக்க விடவும் வேணாம், ஸ்டீல் டேங்க்ல புளிக்க வச்சு சில மாசத்துலயே பாட்டில்ல அடைச்சிடுவாங்க, அதனாலதான் விலை கம்மி. ஆனா 20 வெள்ளிக்கு தேடாதீங்க. இங்க கலால் வரி ஆல்கஹால் அளவப் பாத்து போடுறது, பாட்டில் விலையப் பாத்து இல்ல, அதனால ரொம்ப மலிவான பாட்டில்ல நீங்க குடுக்குற காசுல பெரும்பகுதி வரிக்கே போயிடும், அதுக்கு மேல கூட கொஞ்சம் போட்டீங்கன்னா அது நேரா வைனோட தரத்துக்குப் போகும். என்னோட கணக்கு 50லருந்து 80 வெள்ளிக்குள்ள.

முதல்ல வின்யோ வெர்தேங்கிற வெள்ளை வைன். போர்ச்சுகலோட வடமேற்கு மூலையிலருந்து வருது, பெரும்பாலும் 9லருந்து 11.5 சதவீதம்தான், நாக்குல லேசா சுருக்குனு ஒரு கேஸ் இருக்கும், எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசனை. மத்தியானம் குடிக்கிறதுக்கு இத மிஞ்சி எனக்கு எதுவும் தெரியல. பினாங்கு அசாம் லக்சா மாதிரி புளிச்ச சாப்பாட்டுக்கு இந்த மாதிரி புளிப்பான வைன்தான் நிக்கும், புளிப்பு கம்மியான வைன் எல்லாம் தண்ணி மாதிரி ஆயிடும். தென்னாப்பிரிக்கா செனின் பிளாங்க், ஸ்பெயின்ல ருவேதா ஊரு வெர்தேஹோ, இந்த ரெண்டு வெள்ளை வைனும் கண்ண மூடிட்டு எடுக்கலாம். சாவின்யோன் பிளாங்க்னா எல்லாரும் நியூசிலாந்து மார்ல்பரோதான் எடுப்பாங்க, நல்லாதான் இருக்கும், ஆனா சிலி நாட்டு காசாபிளாங்கா பள்ளத்தாக்கு பாட்டில் இருந்தா அதையும் ஒரு தடவ பாருங்க, விலை பெரும்பாலும் கம்மியா இருக்கும்.

காரமான சாப்பாடுன்னா கொஞ்சம் கவனமா இருக்கணும். வாழை இலை சாப்பாடு, மீன் தலை கறி, மட்டன் பெரட்டல் எல்லாத்துக்கும் சிவப்பு வைன் வச்சா அதுல இருக்குற துவர்ப்பும் ஆல்கஹாலும் சேந்து மிளகாய் எரிச்சல இன்னும் கிளப்பிவிடும். இதுக்கு லேசா இனிப்பு இருக்குற ஜெர்மன் ரீஸ்லிங் போடுங்க, மோசல் பக்கத்துது கிடைச்சா விடாதீங்க. கடையில நின்னுட்டே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, பின்னாடி லேபிள்ல ஆல்கஹால் 8, 9னு போட்டிருந்தா சர்க்கரை முழுசா புளிக்காம மிச்சம் இருக்குன்னு அர்த்தம், அதுதான் வேணும். 12க்கு மேல போய் ட்ரோக்கன்னு எழுதியிருந்தா அதுல இனிப்பு இருக்காது. புளிப்பே ஆகாதுன்னு சொல்ற சித்தி, அத்தைங்களுக்கு மொஸ்காத்தோ தாஸ்திங்கிற இத்தாலி இனிப்பு வைன் ஊத்துங்க, 5 சதவீதம் பக்கம்தான், முகம் மலர்ந்துடும்.

நுரை வைன்னா ஸ்பெயின் காவா. ஷாம்பெயின் மாதிரியே பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது தடவ புளிக்க வச்சு செய்றது, விலை மட்டும் ரொம்ப கீழ. இத்தாலி நுரை வைன் ப்ரொசெக்கோ எடுத்தா ப்ரூட்னு போட்டத எடுங்க, எக்ஸ்ட்ரா ட்ரைன்னு இருந்தா அது அதவிட இனிப்பு. சிவப்புதான் வேணும்னு அடம்புடிக்கிறவங்களுக்கு போஜொலேங்கிற பிரான்ஸ் நாட்டு லேசான சிவப்பு வைன், அரை மணி நேரம் ஐஸ் பெட்டியில வச்சு எடுத்து குடுங்க.

கடையில வெள்ளை வைன் மூணு நாலு வருஷத்துக்கு முந்தின அறுவடையா இருந்து பிரமோஷன்ல போட்டிருந்தா தொடாதீங்க, இந்த வகை எல்லாம் இளசா குடிக்கணும். கண்ணாடி ஓரத்துல வெயில் படுற ரேக்ல நிக்கிற பாட்டிலும் வேணாம். வாங்குன பிறகு நேரா வீட்டுக்குப் போங்க, காடி பூட்ல வச்சிட்டு மஸ்ஜித் இந்தியாவுல ரெண்டு மணி நேரம் சேலை பாத்தீங்கன்னா அது வெந்துபோயிடும், கார்க் லேசா வெளிய தள்ளியிருந்தா அதுதான் அடையாளம். வயசு 21 ஆகலன்னா கடையில குடுக்க மாட்டாங்க, சட்டம் அப்படி.

குளுர வைக்க ஃபிரீசர் வேணாம், மறந்தா வெடிக்கும். வாளியில பாதி ஐஸ், பாதி தண்ணி, ஒரு கை உப்பு, பாட்டில கழுத்து வரைக்கும் முக்கி அப்பப்ப திருப்பி விடுங்க, 20 நிமிஷத்துல ரெடி. வெறும் ஐஸ் மட்டும் போட்டா இடையில காத்து நிக்கும், நேரம் ஆகும், தண்ணிதான் பாட்டில சுத்தி ஒட்டிப் பிடிக்குது. கிளாஸ்ல கொஞ்சமா ஊத்துங்க, நம்ம ஊரு சூட்டுல நிறைய ஊத்துனா பாதி குடிக்கிறதுக்குள்ள வெதுவெதுன்னு ஆயிடும். நடுநடுவுல தண்ணியும் குடிங்க.

வீட்டுக்குப் போக கிராப் போட்டுக்கோங்க. 2020ல சட்டத்த இறுக்கிட்டாங்க, குடிச்சிட்டு ஓட்டி மாட்டுனா முதல் தடவையே 10,000லருந்து 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலும் உண்டு.

மிச்சம் இருந்தா மூடிய இறுக்கி ஐஸ் பெட்டியில வைங்க, மூணு நாள் தாங்கும். நுரை வைன் மட்டும் அன்னைக்கே முடிச்சிருங்க, பாட்டில் வாயில ஸ்பூன சொருகி வைக்கிறதெல்லாம் வேலைக்கு ஆகாது.