மோதாமலேயே வரும் துகள்கள்: சி.எம்.எஸ். தரவைச் சலித்தெடுப்பது எப்படி?

மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டு, ப்ராஜெக்ட்டுக்கு செர்ன் தரவை எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இது. தாராளமாக எடுக்கலாம். செர்னின் எல்.எச்.சி. துகள் மோதியில் இருக்கும் பெரிய டிடெக்டர்களில் ஒன்றான சி.எம்.எஸ். 2010-இல் பதிவுசெய்த தரவை 2014-லிருந்தே திறந்துவிட ஆரம்பித்தார்கள், காசு கிடையாது. ஆனால் அதில் இருப்பதெல்லாம் புரோட்டான் மோதல் என்று நம்பி ஹிஸ்டோகிராம் போட ஆரம்பிக்காதீர்கள்.

குப்பை எப்படி வருகிறது என்று முதலில் புரியட்டும். கற்றைக் குழாயில் எவ்வளவுதான் காற்றை உறிஞ்சினாலும் கொஞ்சம் வாயு மிஞ்சும், அதில் சில புரோட்டான்கள் இடிக்கும். அப்புறம், கற்றையின் விளிம்பில் தடம் விலகி ஓடுகிற புரோட்டான்கள், அதாவது பீம் ஹாலோ, கோலிமேட்டரில் (கற்றையின் ஓரத்தைச் செதுக்கும் தடுப்பு) மோதி மியூவான்களை (எலக்ட்ரானின் கனமான உறவு) கிளப்பும். அந்த மியூவான்கள் கற்றைக்குக் கிட்டத்தட்ட இணையாக, டிடெக்டரை நீளவாக்கில் துளைத்துக்கொண்டு போகும். நிஜ மோதலிலோ எல்லாம் நடுவிலிருந்து வெளியே கிளம்பும்.

நேரமும் காட்டிக்கொடுக்கும். மையத்திலிருந்து 1.8 மீட்டர் தள்ளி ஒரு உணரி இருந்தால், உள்ளே வரும் கற்றையோடு சேர்ந்து வருகிற துகள் மோதலுக்குச் சுமார் 6 நானோவினாடி முன்பே அதைத் தொடும், மோதலில் பிறந்தது 6 நானோவினாடி கழித்துத்தான் தொடும். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னாலேயே கோரிப்பாளையத்தில் நிற்கிறவர் தரிசனம் முடித்துத் திரும்பியவராக இருக்க முடியாது, அவ்வளவுதான் கணக்கு.

சரி, வேலைக்கு வருவோம். மினிமம் பயஸ் தொகுப்பில் (எந்த வகை மோதல் என்று அதிகம் பொறுக்காமல் பதிவுசெய்தது), 2010 தொடக்கக் காலத்து ஃபைல் ஒன்றே ஒன்றை மட்டும் இறக்குங்கள், முழுவதையும் இழுத்தால் லேப்டாப் தாங்காது. முதல் சல்லடை ட்ரிகர், அதாவது எந்த நிகழ்வைப் பதிவுசெய்வது என்று அந்தக் கணமே முடிவெடுக்கும் அமைப்பு; அது ஒவ்வொரு நிகழ்விலும் வைக்கும் ஆம்/இல்லை குறிகள்தான் டெக்னிக்கல் பிட்கள். டெக்னிக்கல் பிட் 0 இருக்க வேண்டும் (இரண்டு கற்றையும் ஒரே நேரத்தில் கடந்தன என்று பொருள்), 40 அல்லது 41 இருக்க வேண்டும் (இரண்டு பக்க உணரிகளிலும் துகள் பட்டது என்று பொருள்), 36 முதல் 39 வரை எதுவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் அந்த நான்கும் ஹாலோவுக்கானவை.

அடுத்து வெர்டெக்ஸ், அதாவது தடங்கள் கிளம்பிய புள்ளி. என்.டி.ஓ.எஃப். (அந்தப் புள்ளியைப் பொருத்தியதில் உள்ள சுதந்திர அளவுகளின் எண்ணிக்கை) 4-க்கு மேல், கற்றை நெடுக மையத்திலிருந்து 24 செ.மீ.க்குள், பக்கவாட்டில் 2 செ.மீ.க்குள் என்று வையுங்கள்.

மூன்றாவதாக, ஒரு நிகழ்வில் 10-க்கு மேல் தடங்கள் இருந்து, அவற்றில் தரமானவை (தரவிலேயே ஹை ப்யூரிட்டி என்று குறித்தவை) 25 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் தூக்கிப் போடுங்கள். கற்றை எங்கேயோ உரசி வந்த நிகழ்வில் கற்றைக்கு மிக அருகில் இருக்கும் பிக்சல் உணரி முழுக்க மினுங்கும், உருப்படியான தடம் மட்டும் இருக்காது.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், என் பார்வையில் அது பாதி வேலை. தூக்கிப் போட்டதையும் வரைந்து பாருங்கள். அதில் மியூவான்களின் ஃபை கோணத்தை (கற்றையைச் சுற்றிய கோணம், 0-வும் 180-ம் கிடைமட்டம்) போட்டால், ஹாலோ என்றால் 0-விலும் 180 பாகையிலும் குவிய வாய்ப்பு அதிகம், ஏனென்றால் வளைக்கும் காந்தங்கள் துகள்களைக் கிடைமட்டத்தில்தான் விலக்குகின்றன. மேலிருந்து கீழாக இறங்கினால் அது காஸ்மிக் மியூவான், அதாவது விண்கதிரால் வானில் பிறந்தது. (நம்மூரில் வைத்திருக்கும் 85 டன் மினி-ஐகால் துகள் டிடெக்டருக்கு அதுதான் தீனி, இங்கே அது தொல்லை.)

கடைசியாக, ஒரே ஒரு கற்றை மட்டும் கடந்த நிகழ்வுகளை எடுத்து, பிட் 0 நிபந்தனையை மட்டும் விட்டுவிட்டு மற்ற சல்லடைகளை அப்படியே ஓட்டுங்கள். அங்கே மோதலே கிடையாது, ஆகவே மிஞ்சுவது பெரும்பாலும் சல்லடையில் தப்பிக் கசிந்த குப்பைதான். புரோட்டான் எண்ணிக்கைக்கு ஏற்ப அதைச் சரிசெய்து, அறிக்கையில் பின்னணி என்ற இடத்தில் போடுங்கள்.