சிவிக் காரில் 600 குதிரைத்திறன்: ஹோண்டா கே24 டர்போ எஞ்சினைக் கட்டும் முறை

சிறிய காரில் பெரிய திறன் வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில், வெளியேறும் புகையின் விசையால் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் டர்போவை வாங்கிவிட்டு, அதற்கு ஏற்றவாறு மற்றவற்றைத் தேடத் தொடங்குகிறார்கள். வேலை நேர்மாறாக நடக்க வேண்டும். எத்தனை குதிரைத்திறன் என்பதை முதலில் தாளில் எழுதி, அந்த எண்ணிலிருந்து காற்று, எரிபொருள், அழுத்தம், வெப்பம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, அதன் பிறகே பாகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே எடுத்துக்கொள்ளும் எஞ்சின், 2004 முதல் 2008 வரை அமெரிக்காவில் விற்பனையான அக்யுரா டிஎஸ்எக்ஸ் காரில் வந்த ஹோண்டா கே24ஏ2. 87 மி.மீ. போரும் (சிலிண்டரின் விட்டம்) 99 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட இந்த 2354 சி.சி. எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து சுமார் 200 குதிரைத்திறனோடு வந்தது. 1990களின் எடை குறைந்த சிவிக் கார்களில் கே வரிசை எஞ்சின்களைப் பொருத்திப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் இதை விரும்பித் தேடுகிறார்கள். நம் இலக்கு, கிராங்க்கில், அதாவது எஞ்சினின் சுழல்தண்டில், 600 குதிரைத்திறன்.

டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சின், ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்குச் சுமார் 250 கிராம் எரிபொருளைச் செலவிடும் என்று கொள்ளலாம். அப்படியானால் 600 குதிரைத்திறனுக்கு மணிக்கு 150 கிலோ எரிபொருள் தேவை. முழுச் சுமையில் எரிபொருளைப் போல 12 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும் என்பதால், நிமிடத்துக்கு 30 கிலோ காற்று எஞ்சினுக்குள் செல்ல வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே தன் முழுக் கொள்ளளவையும் உள்ளிழுக்கும். ஆகவே 8000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 8000 சுற்று) இது நிமிடத்துக்குச் சுமார் 9.4 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. அந்த 9.4 கன மீட்டருக்குள், 55 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 30 கிலோ காற்று அடங்க வேண்டுமானால், மேனிஃபோல்டில் (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாயில்) முழு அழுத்தம் 3 பார் இருக்க வேண்டும். வளிமண்டலத்தின் 1 பாரைக் கழித்தால் பூஸ்ட், அதாவது டர்போ சேர்க்கும் அழுத்தம், 2 பார். இனி வாங்கும் ஒவ்வொரு பாகமும் இந்த எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

டர்போவைத் தேர்ந்தெடுக்க, அதன் காற்றழுத்தும் பகுதியான கம்ப்ரஸர் எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்றை எந்தச் செயல்திறனோடு தரும் என்று காட்டும் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்; பெட்டியின் மேல் எழுதியிருக்கும் குதிரைத்திறன் அதற்கு மாற்றாகாது. ஏர் ஃபில்டரிலும் இன்டர்கூலரிலும் ஏற்படும் அழுத்த இழப்பைச் சேர்த்தால் கம்ப்ரஸரின் அழுத்த விகிதம் ஏறக்குறைய 3.2 ஆகிறது. நிமிடத்துக்கு 30 கிலோ என்ற புள்ளி, வரைபடத்தின் வலது ஓரத்தை ஒட்டாமல், செயல்திறன் 70 விழுக்காட்டுக்கு மேல் உள்ள வளையங்களுக்குள் விழ வேண்டும். காரெட் ஜி30-770, 62 மி.மீ. கம்ப்ரஸர் சக்கரம் கொண்ட பிரிசிஷன் 6266 போன்றவை இந்த அளவைச் சேர்ந்தவை. செயல்திறன் 72 விழுக்காடாக இருந்தாலும், 30 டிகிரியில் நுழைந்த காற்று கம்ப்ரஸரை விட்டு வெளியேறும்போது 195 டிகிரி அளவுக்குச் சூடாகியிருக்கும். அதை 55 டிகிரிக்குக் கொண்டுவருவது இன்டர்கூலரின் பொறுப்பு. அதில் சிக்கனம் பார்ப்பவர்கள் பின்னர் இக்னிஷன் டைமிங்கைக் குறைத்து (தீப்பொறியைத் தாமதமாக்கி) அந்தச் சேமிப்பைத் திருப்பிக் கொடுக்க நேரிடும்.

கே24 பிளாக் அலுமினியத்தால் ஆனது. சிலிண்டரின் உட்சுவர்களான வார்ப்பிரும்பு லைனர்கள் அதனுள்ளேயே அமைந்துள்ளன. லைனர்களின் மேல்முனையைச் சுற்றி நீர் ஓடும் இடைவெளி பெருமளவு திறந்திருப்பதால், உயர்ந்த சிலிண்டர் அழுத்தத்தில் அம்முனைக்குப் போதிய தாங்குதல் கிடைப்பதில்லை. இந்த இலக்கை அசல் லைனர்களிலேயே எட்டுபவர்கள் உண்டு என்றாலும், பிளாக்கைக் கடைசலுக்குக் கொடுத்து எளிதில் நொறுங்காத டக்டைல் அயர்ன் லைனர்களைப் பொருத்திவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். பிஸ்டன்கள் ஃபோர்ஜ் செய்யப்பட்ட 2618 அலுமினியக் கலவையில் இருக்கட்டும். சிலிக்கான் குறைந்த இந்தக் கலவை, நாக்கிங் (எரிபொருள் கட்டுக்கடங்காமல் வெடித்து எரிவது) ஏற்பட்டால் எளிதில் விரிசல் விடாது. ஆனால் சூட்டில் அதிகம் விரிவதால் சிலிண்டரோடு கூடுதல் இடைவெளி வேண்டும். அதனால் குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் தட்டும் ஓசை கேட்கும், அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கம்ப்ரஷன் விகிதத்தை (பிஸ்டன் காற்றைச் சுருக்கும் மடங்கு) அசல் 10.5-இலிருந்து 9.5 அளவுக்கு இறக்கினால் போதும்.

பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மீது இருவேறு சுமைகள் விழுகின்றன. பூஸ்ட் அதை அழுத்தி வளைக்கப் பார்க்கிறது. ஆர்பிஎம் அதை இழுத்து, அதன் போல்ட்டை அறுக்கப் பார்க்கிறது. 99 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 8000 ஆர்பிஎம் என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 26.4 மீட்டர், 86 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள கே20-இல் அதே ஆர்பிஎம்முக்கு இது 22.9 மீட்டர்தான். ஆகவே 8000 என்பதைத் தாண்டக் கூடாத எல்லையாகவே கொள்ள வேண்டும். ஃபோர்ஜ் செய்த எஃகு ராடுகளை வாங்கி, அவற்றின் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சை மட்டும் நம்பி முடுக்காமல், போல்ட் எவ்வளவு நீள்கிறது என்பதை கேஜ் வைத்து அளந்து, தயாரிப்பாளர் தந்த நீட்சிக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்த வேலையில் பணத்தை விடப் பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் அளவெடுத்தல். போரிங்கும் ஹானிங்கும் (சிலிண்டரைக் குடைந்து மெருகேற்றும் வேலை) செய்யும்போது, ஹெட்டுக்கு (பிளாக்கின் மேல் அமரும் மூடி) மாற்றாக நிற்கும் கனத்த டார்க் பிளேட்டை பிளாக்கின் மீது வைத்து, ஹெட் ஸ்டட்டுகளை இறுதி முறுக்குக்கு இறுக்கியிருக்க வேண்டும். இல்லையேல், கடையில் வட்டமாக இருந்த சிலிண்டர், ஹெட்டைப் பூட்டியதும் வட்டமாக இராது. கிராங்க்கைப் பிடித்துவைக்கும் மெயின் ஸ்டட்டுகளை மாற்றினால், கிராங்க் அமரும் துளைகளான மெயின் போரின் நேர்கோட்டை மறுபடி சரிபார்க்க வேண்டும். மெயின், ராட் பேரிங்குகளின் எண்ணெய் இடைவெளி 0.05 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் அமையட்டும். பிஸ்டனின் மேல் ரிங்கின் முனை இடைவெளி இந்த போருக்கு 0.48 முதல் 0.52 மி.மீ. வரை இருக்கலாம், இரண்டாவது ரிங்குக்குச் சற்றே கூடுதலாக வையுங்கள். ரிங் இடைவெளி கூடினால் கொஞ்சம் வாயு கசியும், அவ்வளவுதான். குறைந்தால், சூட்டில் ரிங்கின் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனின் மேற்பகுதியையே பெயர்த்துவிடும். பிஸ்டனோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அந்தத் தாளையே பின்பற்றுங்கள்.

ஹெட்டில் பல அடுக்கு எஃகு கேஸ்கெட், வலுவான ஸ்டட்டுகள், கடினமான வால்வு ஸ்பிரிங்குகள், வெப்பம் தாங்கும் இன்கோனல் எக்ஸாஸ்ட் வால்வுகள் ஆகியவை போதும். காற்று வழிகளைக் குடைந்து சீராக்கும் போர்ட்டிங்கை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

பேலன்ஸ் ஷாஃப்ட்டோடு இணைந்து வரும் கே24-இன் ஆயில் பம்ப் உயர்ந்த ஆர்பிஎம்முக்கு ஏற்றதன்று. அதை நீக்கிவிட்டு கே20ஏ2 எஞ்சினின் பம்பைப் பொருத்துவது நெடுநாள் வழக்கம். பால் பேரிங் டர்போவுக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயில் சுமார் 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வேண்டும். திரும்பி வரும் குழாய் அகலமாகவும், வளைந்து தேங்காமல் சரிவாகவும், ஆயில் பேனின் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேரும்படியும் அமைய வேண்டும். டர்போ புகைகிறது என்று சீலைக் குறை சொல்லிக் கழற்றப்படும் பல டர்போக்களில் உண்மையான குறை இந்தத் திரும்பு குழாயில்தான் இருக்கும்.

பழைய சிவிக்கில் கே எஞ்சினைப் பொருத்தினால் எக்ஸாஸ்ட் பக்கம் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்பு) நோக்கி இருக்கும். டர்போவை அங்கேயே வைப்பதானால் பிரேக் குழாய்களுக்கும் வயரிங்குக்கும் வெப்பத் தடுப்பு கட்டாயம். புகையை இரு தனி வழிகளில் டர்போவுக்குக் கொண்டுசெல்லும் இரட்டை ஸ்க்ரோல் மேனிஃபோல்டைத் தேர்ந்தெடுத்தால், எரியூட்டு வரிசை 1-3-4-2 என்பதால், 1, 4 ஆகிய சிலிண்டர்களை ஒரு வழியிலும் 2, 3 ஆகியவற்றை மற்றொரு வழியிலும் இணைக்க வேண்டும். மிகையான புகையை டர்போவுக்குள் செல்லாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் 1 பார் அளவுக்கு இருந்தால், மீதியை பூஸ்ட் கண்ட்ரோல் சோலனாய்டு பார்த்துக்கொள்ளும்.

எரிபொருளில் நான் தயங்காமல், பெருமளவு எத்தனால் கலந்த ஈ85-ஐச் சொல்வேன். நாக்கிங்கை எதிர்க்கும் எரிபொருள் இல்லாமல் உயர்ந்த பூஸ்டுக்குப் பொருளில்லை; ஹோண்டாவே தன் 1988 ஃபார்முலா ஒன் டர்போ எஞ்சினுக்கு 84 விழுக்காடு டொலுவீன் கலந்த எரிபொருளைப் பயன்படுத்தியது. பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 மடங்கு காற்று வேண்டும், ஈ85-க்கு 9.8 மடங்கு போதும். அதனால் ஈ85 கன அளவில் ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுதலாகச் செலவாகும். முன்பு கணக்கிட்ட 150 கிலோ பெட்ரோல் மணிக்கு 200 லிட்டர் என்றால் ஈ85-க்கு 280 லிட்டர். சிலிண்டருக்கு ஒன்றாக எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் 80 விழுக்காடு நேரமே திறந்திருக்க வேண்டும் என்று வைத்தால், பெட்ரோலுக்கு நிமிடத்துக்கு 1050 சி.சி. இன்ஜெக்டரும் ஈ85-க்கு 1500 சி.சி. இன்ஜெக்டரும் தேவைப்படும். எரிபொருளின் அடிப்படை அழுத்தமான 3 பாரோடு பூஸ்ட் 2 பாரும் சேர்வதால் எரிபொருள் பம்ப் 5 பாரை எதிர்த்துத் தள்ளுகிறது. பம்பின் அளவை அந்த அழுத்தத்தில் பார்த்தே வாங்க வேண்டும்.

ஹோண்டேட்டா கேப்ரோ போன்ற இசியுவுடன் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), மேனிஃபோல்டின் முழு அழுத்தத்தை அளக்கும் 4 பார் மேப் சென்சாரைப் பொருத்துங்கள். 3 பார் சென்சார் நம் இலக்கிலேயே தன் எல்லையைத் தொட்டுவிடும். ஸ்பார்க் பிளக்குகள் அசலை விட இரண்டு படி குளிர்ந்தவையாகவும் (வெப்பத்தை விரைவாகக் கடத்துபவை), அவற்றின் இடைவெளி 0.6 மி.மீ. அளவிலும் இருக்கட்டும். எண்ணெய் அழுத்தமோ எரிபொருள் அழுத்தமோ இறங்கினால் எஞ்சினைத் தானே நிறுத்தும் பாதுகாப்பை இசியுவில் முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

புதிய எஞ்சினை சாதாரண மினரல் எண்ணெயில் ஓட்டி ரிங்குகளைப் படியவைத்து, எண்ணெயை மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்புகளில் உலோகத் துகள் உள்ளதா என்று பார்த்த பிறகே டைனோவில் (திறனை அளக்கும் கருவியில்) ஏற்ற வேண்டும். டியூனிங்கை வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் 1 பாரிலேயே தொடங்குங்கள். காற்று எரிபொருள் விகிதம் சீரான பின், டைமிங்கைச் சிறிது சிறிதாக முன்னேற்றி, முறுக்குவிசை உயராமல் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்தி, பிறகு 0.2 பார் வீதம் பூஸ்டைக் கூட்டலாம். ராடுகளை வளைப்பது தாழ்ந்த ஆர்பிஎம்மில் எழும் முறுக்குவிசை என்பதால், 4500-க்குக் கீழே முழு பூஸ்டைக் கொடுக்க வேண்டாம். முன்சக்கர இயக்கமுள்ள இவ்வளவு இலகுவான காரில் முதல் இரண்டு கியர்களில் 2 பார் கொடுத்தால் டயர் சுழலுமே தவிர வண்டி நகராது. ஆகவே அந்தக் கியர்களுக்கு ஸ்பிரிங் அழுத்தத்தையும், மூன்றாவதிலிருந்து முழு அழுத்தத்தையும் இசியுவில் தனித்தனியே பதிந்துவைக்க வேண்டும்.